தட்டில் இருக்கும் தண்ணீர்

தமிழில் இந்த நோய்க்கு இரண்டு பெயர்கள் உண்டு. பேசும்போது சர்க்கரை நோய் என்கிறோம், எழுதும்போது நீரிழிவு என்கிறோம். முதல் பெயர் ரத்தத்தில் என்ன ஏறுகிறது என்று சொல்கிறது. இரண்டாவது பெயர் உடம்பிலிருந்து என்ன போகிறது என்று சொல்கிறது. இழிதல் என்றால் இறங்குதல், வழிந்தோடுதல். மனிதருக்கு வந்தால் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில்தான் நோய் தெரிய வருகிறது. பூனைக்கு வந்தால் அந்தப் பழைய பெயர் சொல்வதுதான் முதலில் கண்ணில் படும். காலையில் நிரப்பி வைத்த தண்ணீர்க் கிண்ணம் மாலைக்குள் காலியாகிவிடும். மணல்பெட்டியில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டிபட்டுக் கிடந்த ஈரமணல் சாத்துக்குடி அளவுக்குப் பெருத்துவிடும். தட்டை வழித்துத் தின்றும் முதுகெலும்பு துருத்தத் தொடங்கும். சில பூனைகளுக்கு நரம்பு பாதித்து, பின்னங்காலின் குதிகால் தரையில் படும்படி நடை மாறிவிடும். மருத்துவரிடம் போனதும் பேச்சு சர்க்கரைக்கும் இன்சுலினுக்கும் திரும்பிவிடுகிறது. தண்ணீர், கிண்ணத்தை நிரப்பி வைக்கும் தனி வேலையாக ஒதுங்கிவிடுகிறது. பூனையைப் பொறுத்தவரை இப்படிப் பிரித்துப் பார்ப்பது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சர்க்கரையும் தண்ணீரும் ஒரே இடத்தில், சாப்பாட்டுத் தட்டில், சேர்த்தே தீர்மானமாகின்றன.

தண்ணீர் ஏன் போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் கூடவே வடிந்து, பிறகு திரும்ப உறிஞ்சப்படுகிறது. அப்படி மீட்பதற்கு ஓர் எல்லை உண்டு. மனிதரில் அது லிட்டருக்கு 10 மில்லிமோல் அளவில் இருக்கிறது. பூனையில் 14 முதல் 16 வரை போகிறது. நம்மூர்க் கணக்கில் டெசிலிட்டருக்கு 250 முதல் 290 மில்லிகிராம். அந்த எல்லையைத் தாண்டிய சர்க்கரை சிறுநீரில் தங்கும், தங்கும்போது தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியேறும். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பூனையின் முன்னோர் மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். சொட்டுத் தண்ணீரையும் வீணாக்காமல், மனிதச் சிறுநீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியாகச் சிறுநீர் கழிக்கக்கூடிய சிறுநீரகம் அவற்றுக்கு அமைந்தது. அதே வாழ்க்கை தாகத்தையும் மந்தமாக்கிவிட்டது, ஏனென்றால் வேண்டிய தண்ணீர் இரையின் உடம்பிலேயே இருந்தது. ஓர் எலியின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்தான். தண்ணீரைச் சேமிப்பதில் இத்தனை தேர்ந்த சிறுநீரகத்தை நீரிழிவு ஓட்டைக் குடமாக்கிவிடுகிறது. குடிப்பதில் இயல்பாகவே நாட்டம் குறைந்த பிராணி, அந்தக் குடத்தை நாக்கால் நக்கியே நிரப்ப வேண்டியிருக்கிறது.

அந்த நாக்கைப் பற்றி ஓர் அருமையான ஆய்வு இருக்கிறது. 2010-ல் ரோமன் ஸ்டாக்கர் என்ற எம்.ஐ.டி. பேராசிரியரும் நண்பர்களும், பூனை எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பதை அதிவேகக் கேமராவில் பிடித்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். படத்தில் இருந்தது ஸ்டாக்கரின் வீட்டுப்பூனை. குட்டா குட்டா என்ற அதன் பெயர் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியொன்றில் விண்மீன்களைக் குறிக்கும் சொல். நாய் நாக்கைக் கரண்டி போல வளைத்துத் தண்ணீருக்குள் முக்குகிறது. பூனை அப்படிச் செய்வதில்லை. நாக்கின் நுனி நீர்ப்பரப்பைத் தொட்டவுடன் வெடுக்கென்று மேலே போகிறது. அதோடு ஒட்டி ஒரு மெல்லிய நீர்த்தூண் எழும்புகிறது. ஈர்ப்பு விசை அதைக் கீழே இழுப்பதற்குள் வாய் மூடி நுனியைக் கவ்வுகிறது. வினாடிக்கு ஏறக்குறைய நான்கு முறை இது நடந்தாலும், ஒவ்வொரு முறையும் உள்ளே போவது ஒரு மில்லிலிட்டரில் சிறு பங்குதான். பார்க்க அத்தனை அழகு. ஆனால் நாளொன்றுக்குக் கால் லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டிய நோயாளிக்கு அது கடுமையான உழைப்பு.

இனி சர்க்கரையின் பக்கம். பூனை கட்டாய மாமிச உண்ணி. அதன் உடம்பு மாவுச்சத்தை எதிர்பார்த்துக் கட்டப்படவில்லை. எச்சிலில் மாவைச் செரிக்கும் நொதி கிடையாது. சாப்பிட்டதும் வந்து குவியும் சர்க்கரையை வேகமாகப் பிடித்து வைக்க மற்ற பிராணிகளின் கல்லீரலில் இருக்கும் குளுக்கோகைனேஸ் நொதி பூனையின் கல்லீரலில் ஏறத்தாழ இல்லை. புரதத்திலிருந்து சர்க்கரையைத் தயாரிக்கும் வேலையோ இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். இனிப்புச் சுவையை உணரும் மரபணுவே பூனையில் செயலிழந்து கிடக்கிறது என்று ஃபிலடெல்ஃபியாவின் மொனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2005-ல் காட்டினார்கள். காட்டில் திரியும் பூனைகளின் இரையைக் கணக்கிட்ட 2011 ஆய்வொன்றில், அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றலில் 52 சதவீதம் புரதத்திலிருந்தும் 46 சதவீதம் கொழுப்பிலிருந்தும் வந்தது. மாவுச்சத்துக்குக் கிடைத்தது மீதி 2 சதவீதம். அதே ஆண்டு சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சிம்ப்சன் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, கேள்வியை வீட்டுப்பூனையிடமே விட்டுவிட்டது. வெவ்வேறு கலவை உணவுகளை வைத்து, வேண்டியதைத் தின்னட்டும் என்று விட்டபோது, பூனைகள் ஆற்றலில் 52 சதவீதத்தைப் புரதத்திலிருந்தும் 36 சதவீதத்தைக் கொழுப்பிலிருந்தும் 12 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தும் எடுத்துக்கொண்டன. நாளைக்கு 26 கிராம் புரதம், 9 கிராம் கொழுப்பு, 8 கிராம் மாவுச்சத்து. அதைவிட முக்கியமாக, மாவுச்சத்து மிகுந்த உணவை மட்டுமே வைத்தால், நாளைக்கு 300 கிலோஜூல், அதாவது சுமார் 18 கிராம் மாவுச்சத்தோடு நிறுத்திக்கொண்டன. புரதம் பற்றாமல் போனாலும் சரி, அதற்கு மேல் தின்னவில்லை. உடம்பே ஒரு கூரை போட்டு வைத்திருக்கிறது. இந்த 18 கிராமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இந்த நோயைப் பற்றி ஆஸ்திரேலியாவுக்கென்று ஒரு தனிக்கதை உண்டு. நாட்டில் மூன்றில் ஒரு வீட்டில் பூனை வளர்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல். 2009-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, மருத்துவமனைக்கு வந்த பூனைகளில் ஆயிரத்துக்குச் சுமார் 7 என்ற அளவில் நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. பர்மீஸ் இனத்தில் மட்டும் அது ஆயிரத்துக்குச் சுமார் 22. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ராண்டும் உடன் ஆய்வாளர்களும் 1997-லேயே இதைச் சுட்டிக் காட்டியிருந்தார்கள். பர்மீஸ் என்ற பெயர் பர்மாவிலிருந்து வந்தது. 1930-ல் ஜோசப் தாம்சன் என்ற மருத்துவர் அங்கிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோன வாங் மாவ் என்ற பழுப்புப் பெண் பூனைதான் இந்த இனத்தின் மூதாய். அதே மூதாயிடமிருந்து வந்த அமெரிக்கப் பர்மீஸ்களிடம் இந்த நோய்ச்சுமை இந்த அளவுக்குக் காணப்படவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய இடங்களில் தனியே பெருகிய கிளையில்தான் அது தெரிகிறது. ஆகவே மரபணுவுக்குப் பங்கு உண்டு, சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தேடியும் வருகிறார்கள். ஆனால் மரபணு, தாங்கும் சக்தியைக் குறைத்து வைக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. பாரத்தை ஏற்றுவது வேறு.

தட்டை மாற்றினால் நோய் அடங்குமா? பூனை நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகையை ஒத்தது. இன்சுலினுக்கு உடம்பு மசிவதில்லை, கணையத்தில் அமைலாய்டு என்ற புரதம் படிகிறது, ஏறிப்போன சர்க்கரையே இன்சுலின் சுரக்கும் செல்களை அமுக்கி முடக்குகிறது. அந்த அமுக்கத்தைச் சீக்கிரம் விலக்கினால் பிழைத்திருக்கும் செல்கள் திரும்ப வேலை செய்யும், ஊசியே தேவைப்படாத நிலைகூட வரும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் 63 நீரிழிவுப் பூனைகளை இரண்டாகப் பிரித்து 16 வாரம் டப்பா உணவு கொடுத்தார்கள். ஆற்றலில் 12 சதவீதம் மாவுச்சத்து இருந்த உணவை உண்டவற்றில் 68 சதவீதம் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டன. 26 சதவீத மாவுச்சத்தும் அதிக நாரும் இருந்த உணவை உண்டவற்றில் 41 சதவீதம். இரண்டுமே ஈர உணவுகள் என்பதால், வித்தியாசத்தைத் தண்ணீரின் கணக்கில் எழுத முடியாது. நார் அளவிலும் வேறுபாடு இருந்தது என்பதை மறைக்கவும் கூடாது. 2009-ல் குயின்ஸ்லாந்துக் குழு, புதிதாக நோய் கண்ட 24 பூனைகளுக்கு எட்டெட்டாக மூன்று வகை இன்சுலின் கொடுத்துப் பார்த்தது. கிளார்ஜின் என்ற வகையைப் பெற்ற எட்டுமே ஊசியிலிருந்து விடுபட்டன; மற்ற இரண்டு வகைகளில் மூன்றும் இரண்டும்தான். இதைக் காட்டி, “வெற்றி மருந்தினுடையது, உணவினுடையது இல்லை” என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் 24 பூனைகளும் மாவுச்சத்து குறைந்த உணவில்தான் இருந்தன. அந்த ஆய்வு நல்ல உணவின் மேல் நல்ல மருந்து என்ன செய்யும் என்று காட்டுகிறது. மோசமான உணவின் மேல் அதே மருந்து என்ன செய்யும் என்று அதிலிருந்து தெரியாது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, வீட்டிலேயே ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக் கறாராகக் கட்டுப்படுத்திய பூனைகளைத் தொடர்ந்தது. நோய் கண்ட ஆறு மாதத்துக்குள் தொடங்கியவற்றில் 84 சதவீதமும், தள்ளிப்போட்டவற்றில் 35 சதவீதமும் ஊசியிலிருந்து மீண்டன. இவை எல்லாமே சிறிய ஆய்வுகள். நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்து நடந்த சோதனை கிடையாது. ஆனாலும் உடலியங்கியல் சொல்லும் திசையும் இந்த எண்கள் காட்டும் திசையும் ஒன்றாக இருக்கின்றன. சர்வதேச வழிகாட்டுதல்களும் மாவுச்சத்து ஆற்றலில் 12 சதவீதத்துக்கு மேல் போகாத உணவையே பரிந்துரைக்கின்றன.

கடையில் நின்று அந்த 12 சதவீதத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. ஆஸ்திரேலியாவில் செல்லப்பிராணி உணவுக்கு ஏஎஸ் 5812 என்ற தரநிலை இருக்கிறது. பொட்டலத்தில் குறைந்தபட்சப் புரதமும் கொழுப்பும் அச்சாகியிருக்கும், மாவுச்சத்தின் எண் பெரும்பாலும் இருக்காது. நாமே கழித்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, சாதாரண உலர் உணவு ஒன்றில் நூற்றுக்குப் புரதம் 32, கொழுப்பு 14, நார் 3, சாம்பல் 7, ஈரம் 9 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 65, மீதி 35 மாவுச்சத்து. இன்னொரு பக்கம் பேஸ்ட் போலிருக்கும் டப்பா உணவு ஒன்றில் புரதம் 11, கொழுப்பு 5, நார் அரை, சாம்பல் 2, ஈரம் 80, மீதி ஒன்றரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் 32 என்ற புரத எண்ணைக் கண்டு உலர் உணவையே எடுத்துக்கொண்டு போவார். அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் தண்ணீர்தான். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு மூன்றரைக் கலோரி, கொழுப்புக்கு எட்டரை என்று பெருக்கிப் பாருங்கள். உலர் உணவின் ஆற்றலில் புரதம் 32 சதவீதம், மாவுச்சத்து 35 சதவீதம். டப்பா உணவில் புரதம் 45 சதவீதத்தை நெருங்குகிறது, மாவுச்சத்து 6 சதவீதம்தான். ‘தானியம் இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். கோதுமையின் இடத்தில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் இருக்கும். டப்பாவிலும் எல்லாம் ஒன்றில்லை. கெட்டிக் குழம்பில் துண்டுகள் மிதக்கும் வகைகளில் அந்தக் குழம்பைக் கெட்டியாக்கியதே மாவுதான்.

இப்போது அதே இரண்டு உணவுகளைத் தண்ணீர்க் கணக்கில் பார்ப்போம். நாலரைக் கிலோ பூனைக்கு நாளைக்குச் சுமார் 220 கலோரி வேண்டும். உலர் உணவில் அது 62 கிராம்; அதில் இருக்கும் தண்ணீர் ஆறு மில்லிலிட்டர்கூட இல்லை, மாவுச்சத்து 22 கிராம். டப்பா உணவில் அது 255 கிராம், கடையில் கிடைக்கும் 85 கிராம் டப்பாவில் சரியாக மூன்று. தண்ணீர் 200 மில்லிலிட்டருக்கு மேல், மாவுச்சத்து நான்கு கிராமுக்குள். நலமாக இருக்கும் பூனைக்குக் கிலோவுக்கு 50 மில்லிலிட்டர் என்ற கணக்கில் இந்தப் பூனையின் ஒரு நாள் தேவை 225. டப்பா உணவைத் தின்றாலே அதில் பெரும்பகுதி உள்ளே போய்விடுகிறது. உலர் உணவோ, பூனைகள் தாமாக நிறுத்திக்கொண்ட அந்த 18 கிராம் கூரையைத் தாண்டி மாவுச்சத்தைத் தருகிறது. மாவுச்சத்து கூடியதால் சிறுநீர் வழியாகத் தண்ணீர் அதிகம் போகிறது. உணவு உலர்ந்ததால் உள்ளே வரும் தண்ணீர் குறைகிறது. இரண்டு பக்கமும் ஒரே பொட்டலத்தால் வரும் நஷ்டம். இதனால்தான் சர்க்கரையையும் தண்ணீரையும் பிரித்துப் பேசுவது பூனைக்குப் பொருந்தாது என்கிறேன்.

“தாகம் எடுத்தால் பூனை குடித்துக்கொள்ளாதா? நீரிழிவுப் பூனைதான் வாளி வாளியாகக் குடிக்கிறதே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடிக்கிறது, ஆனால் எப்போதும் இழப்புக்குப் பின்னால் ஓடியபடி குடிக்கிறது. குமட்டல் வந்த ஒரு நாள், வாந்தி எடுத்த ஓர் இரவு, மேற்குச் சிட்னியின் கடும் வெயிலில் சுருண்டு கிடக்கும் ஒரு பிற்பகல் போதும். குடிப்பது நின்றுவிடும், சிறுநீர் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். மேற்குச் சிட்னியின் பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று வெப்பம் 48.9 பாகையைத் தொட்டது. மெல்பனில் 2009 பிப்ரவரி 7 அன்று 46.4. அப்படிப்பட்ட நாட்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பூனைக்கு மூச்சு வாங்க இடமில்லை. ஓட்டையை அடைப்பது முதல் வேலை. கிண்ணத்தை நிரப்புவது அதன் பிறகு. தாகத்தைப் பார்த்துப் பயந்து கிண்ணத்தை எடுத்து வைப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. மணல்பெட்டி நனைகிறதே என்று சில வீடுகளில் இரவில் தண்ணீரை மறைத்து வைக்கிறார்கள். அது பூனையை நேராக ஆபத்துக்குள் தள்ளும் செயல்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. 2009-ல் நெதர்லாந்து ஆய்வொன்று, பூனை நீரிழிவுக்குக் காரணம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதும் ஓடியாடாமல் இருப்பதுமே தவிர, உலர் உணவின் விகிதம் அல்ல என்று முடிவு சொன்னது. ஆஸ்திரேலியாவில் இதற்குத் தனி எடை உண்டு. பறவைகளையும் சிறு பிராணிகளையும் காப்பாற்றப் பூனையை வீட்டுக்குள் வைக்கச் சொல்லும் ஊர் இது. மெல்பனைச் சுற்றியுள்ள பல கவுன்சில்கள் இரவிலோ முழுநாளுமோ அடைத்து வைப்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன; நியூ சவுத் வேல்ஸில் சட்டம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், சிட்னியின் அடுக்குமாடி வாழ்க்கை அதே வேலையைச் செய்துவிடுகிறது. அந்தக் கட்டுப்பாட்டில் எனக்கு மாறுபாடு இல்லை. பூனையால் அழியும் உயிர்களின் கணக்கு பயங்கரமானது. அடைந்து கிடக்கும் பூனை குண்டாகும், குண்டான பூனைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதும் உண்மை. ஆனால் 2017-ல் ஸ்வீடனில் செய்த பெரிய கணக்கெடுப்பு, எடை கூடாத பூனைகளிடையே உலர் உணவுக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: நோய் எதனால் வருகிறது என்பதில் எடையும் சோம்பலும் முன்னால் நிற்கலாம், உணவின் பங்கு விவாதத்துக்குரியதாகவே இருக்கலாம். வந்த பிறகு எதைக் கொண்டு அடக்குவது என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் சோதனைகள் உணவின் பக்கம்தான் சாய்கின்றன. அடைத்து வைத்த பூனையின் ஓட்டத்தை நம்மால் ஓரளவுக்குத்தான் கூட்ட முடியும். தட்டை முழுவதுமாக மாற்ற முடியும்.

புரதம் மிகுந்த உணவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நலமாக இருக்கும் சிறுநீரகத்தைப் புரதம் கெடுக்கிறது என்பதற்குப் பூனைகளில் வலுவான சான்று இல்லை. ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்த முதிய பூனைக்கு, பாஸ்பரஸைக் குறைப்பதே முதல் கவலை. நீரிழிவும் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தை மருத்துவர்தான் வகுக்க முடியும். அந்தச் சமரசத்திலும் ஈர உணவு இரண்டு நோய்க்கும் பொதுவான நன்மையாகவே நிற்கிறது. உலர் உணவு பல்லைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சில் சரக்கு குறைவு. சாதாரண உருண்டைகள் பல் பட்டவுடன் நொறுங்கிவிடுகின்றன. செலவு மெய்யான தடை. மூன்று டப்பாவின் விலை 62 கிராம் உலர் உணவின் விலையைவிட நிச்சயம் அதிகம். இன்சுலின், ஊசி, பரிசோதனைப் பட்டை, மருத்துவர் கட்டணம் என்று வருடக்கணக்கில் நீளும் செலவோடு அதை எடை போட வேண்டும். நீரிழிவுக்கென்றே மாவுச்சத்தைக் குறைத்துச் செய்த உலர் உணவும் மருத்துவர்களிடம் கிடைக்கிறது. டப்பாவைத் தொடவே தொடாத பூனைக்கு அது உதவும், தண்ணீரை மட்டும் நாம் வேறு வழியில் சேர்க்க வேண்டும். கோடையில் திறந்து வைத்த ஈர உணவு ஓரிரு மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதும் சரிதான். சிறிது சிறிதாக வைத்து, மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து, வைக்கும்போது ஒரு கரண்டி வெந்நீர் கலந்து கொடுத்தால் மணமும் எழும், தண்ணீரும் கூடும்.

நம் வீடுகளுக்கென்று ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூனை என்றால் பால் என்பது நமக்குத் தொட்டில் பழக்கம். ஊரில் பால்சோறும் தயிர்சாதமும் மீன் குழம்பு பிசைந்த சோறும் தின்று வளர்ந்த பூனைகள் மீதி நேரம் எலி பிடித்துச் சமன் செய்துகொண்டன. மாடிவீட்டுப் பூனைக்கு அந்த வழி இல்லை. ஒரு கிண்ணி பால், அதாவது 100 மில்லிலிட்டரில், கிட்டத்தட்ட 5 கிராம் சர்க்கரை இருக்கிறது. மேலே கணக்கிட்ட மூன்று டப்பாவின் மொத்த மாவுச்சத்தையும்விட அதிகம். இரண்டு கவளம் சோறு, 30 கிராம் என்று வைத்தால், 8 கிராம். அன்பாக ஊட்டும் அந்த இரண்டு கவளம், ஊசி போட்டு இறக்கிய சர்க்கரையைத் திரும்ப ஏற்றிவிடுகிறது. சைவ வீடுகளில் பூனையையும் சைவமாக்கும் முயற்சி இன்னும் ஆபத்தானது. டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது; அது குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளர்கிறது என்று கலிபோர்னியாவில் பால் பியன் குழு 1987-ல் நிறுவியது. எதிர்ப்பக்கம் போய், கடையில் விற்கும் கங்காரு அரைத்த இறைச்சியை மட்டும் கொடுப்பதும் தீர்வாகாது. வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. செல்லப்பிராணி இறைச்சியைக் கெடாமல் வைக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்த்தால் அது தயமின் வைட்டமினை அழித்து நரம்புத் தளர்ச்சியில் கொண்டுவிடும் என்பது 1991-லேயே ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தண்ணீரில் ருசி சேர்க்க விரும்பினால், உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராமல் கோழி வேகவைத்த தண்ணீர் போதும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால் ரசமும் குழம்பும் அதன் பக்கமே போகக் கூடாது.

இந்த மாற்றம் உண்மையிலேயே வலிமையானது. ஆபத்தும் அங்கிருந்துதான் வருகிறது. ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பூனையின் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்து, மருந்தின் அளவை மட்டும் பழையபடியே வைத்தால், ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். பூனை தள்ளாடும், வலிப்பு வரும், உயிரே போகலாம். ஆகவே உணவை மாற்றும் முடிவை மருத்துவரோடு சேர்ந்து எடுத்து, காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வீட்டிலேயே அடிக்கடி பார்த்தபடிதான் செய்ய வேண்டும். “பசித்தால் தானாகத் தின்னும்” என்று பிடிவாதம் பிடிப்பதும் பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், அதிலும் குண்டுப்பூனை என்றால், கொழுப்பு கல்லீரலில் வந்து அடைந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். எடை குறைவதும் வாரத்துக்கு ஒரு சதவீத அளவில் மெதுவாகத்தான் நடக்க வேண்டும். அண்மையில் ஊசிக்குப் பதிலாக வாய்வழி மருந்துகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி பெற்ற பெக்ஸாகிளிஃப்ளோசின் அவற்றில் முதலாவது. இவை சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுத்து, அதைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. அதாவது நோய் செய்யும் அதே வேலையை மருந்தே, ஒரு நோக்கத்தோடு, செய்கிறது. சர்க்கரை இறங்கும், ஆனால் தண்ணீர்ச் செலவு தொடரும். எல்லாப் பூனைக்கும் அது ஏற்றதும் அல்ல. ரத்தச் சர்க்கரை சரியான அளவில் இருக்கும்போதே கீட்டோன் ஏறி உடம்பு அமிலமாகும் ஆபத்து அதில் உண்டு. இந்த மருந்தில் இருக்கும் பூனைக்குத் தட்டில் இருக்கும் தண்ணீர் இன்னும் பெரிய விஷயமாகிறது.

மாற்றம் வேலை செய்கிறதா என்று பார்க்க, சமையலறை அளவுக் குவளை ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். காலையில் கிண்ணத்தில் 500 மில்லிலிட்டர் ஊற்றி வையுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மீதியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு ஊற்றிப் பூனைக்கு எட்டாமல் வைத்தால், ஆவியாகிப் போனதைக் கழித்துவிடலாம். கிலோவுக்கு 100 மில்லிலிட்டரைத் தாண்டிக் குடித்தால் அது நோயின் தாகம். நாலரைக் கிலோ பூனைக்கு 450. உலர் உணவிலிருந்து மாறிய பூனை கிண்ணத்தை முன்பைவிடக் குறைவாகத் தொடுவது இயல்பு, தண்ணீர் தட்டின் வழியே போய்க்கொண்டிருக்கிறது. கணக்கில் இரண்டையும் கூட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து அதே தாளில் எழுதுங்கள், மணல்பெட்டியில் எத்தனை கட்டிகள், எந்த அளவு என்பதையும். குடிக்கும் அளவு வாரத்துக்கு வாரம் இறங்கி, எடை நிலைத்து, மணற்கட்டிகள் சிறுத்து வந்தால் ஓட்டை அடைபட்டு வருகிறது. அப்போது இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்கும் நேரம் வந்துவிட்டது. கிண்ணத்தில் தண்ணீர் அப்படியே இருக்க, தட்டில் உணவும் அப்படியே இருந்தால் அது வேறு. உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பு இல்லாமல் விரலில் ஒட்டினால், மூச்சில் அழுகிய பழ வாடை வந்தால், விடியும் வரை காத்திருக்காமல் அந்த இரவே அவசர மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.